வலிக்காத பாதி

கொட்டாஞ்சேனையில் மருந்துக்கடை வைத்திருந்த பாமசி அங்கிளைப் பற்றித் தவறாக ஒரு வார்த்தை சொல்ல ஆள் கிடைக்காது. போன வருடம் அவர் இறந்தபோது கடை வாசலில் இருந்து பஸ் தரிப்பிடம் வரை சனம் நின்றது. கோயில் ஐயர் வந்தார், சேர்ச்சில் இருந்து ஃபாதர் வந்தார், மூலையில் இறைச்சிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா கடையைப் பூட்டிவிட்டு வந்தார். நல்ல மனிசன், நல்ல மனிசன் என்று ஆளாளுக்குச் சொல்லி அழுதார்கள். நானும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு கடைக்கு மேலே அவர் வீட்டுப் படிகளில் ஏறிப் போய்ப் பார்த்தேன். எனக்கு அழுகை வரவில்லை. அவர் நல்ல மனிதர் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. என் கோபம் தொடங்குவதே அங்கேதான். ஒரு கெட்டவர் இதைச் செய்திருந்தால் நான் எப்போதோ திட்டித் தீர்த்துவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன்.

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. எழுதினாலும் பாதிப் பேருக்கு விளங்காது. ஊருக்கே அவர் பாமசி அங்கிள்தான். ஒடுக்கமான கடை. முன்னால் கண்ணாடி மேசை, பின்னால் கூரை வரை மருந்துப் பெட்டிகள், ஒரு மூலையில் பிள்ளையார் படமும் பக்கத்தில் யாரோ அன்பாகக் கொடுத்த அந்தோனியார் படமும். வெள்ளை அரைக்கைச் சட்டையோடு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு நிற்பார். முறையாகப் படித்த மருந்தாளர். அவர் கையால் ஒரு குளிசை மாறிப் போனதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் சனம் அவரிடம் குளிசைக்காக மட்டும் வரவில்லை. ரிப்போட் வாசிக்க வந்தார்கள்.

ஏன் வந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். பெரிய டொக்டரைப் பார்க்கக் காசு கட்டிச் சனல் பண்ணி, நம்பர் எடுத்து, நாற்காலியில் குந்திக் குந்தி இடுப்பு விட்டுப்போன பிறகு உள்ளே கூப்பிடுவார்கள். டொக்டர் நிமிர்ந்து பார்க்கும் முன்பே மருந்துத் துண்டு எழுதி முடிந்திருக்கும். கேள்வி கேட்டால் முகம் கறுக்கும். எங்கள் சனமோ டொக்டரிடம் கேள்வி கேட்பதை மரியாதைக் குறைவு என்று நினைக்கிற சனம். ஆகவே வாயை மூடிக்கொண்டு வெளியே வந்து, மூன்றுசக்கர வண்டி பிடித்து, டொக்டர் என்ன சொன்னார் என்று அறிய பாமசி அங்கிளிடம் வருவார்கள். இந்தக் கூத்தில் எனக்கு டொக்டர்மார் மீதும் கோபம் உண்டு. ஆனால் அவர்கள் யாரையும் நான் நேசிக்கவில்லை. அங்கிளை நேசித்தேன்.

ரிப்போட்டை நீட்டினால் அவர் முதலில் தாளைப் பார்க்கமாட்டார். நீட்டியவரின் முகத்தைப் பார்ப்பார். எவ்வளவு பயந்திருக்கிறார், கூட யார் வந்திருக்கிறார்கள் என்று அளந்துவிட்டுத்தான் மூக்குக்கண்ணாடி கீழே இறங்கும். உதட்டை அசைத்து அசைத்து வாசிப்பார். பிறகு தாளை நாலாக மடித்து, வந்தவரின் கைக்குள் வைத்து, அந்தக் கையையும் தன் கையால் மூடிக்கொண்டு சொல்வார்: "ஒண்டுமில்லை. பயப்பிட ஒண்டுமில்லை." அந்த உள்ளங்கைச் சூடு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதை நம்பாதவர்கள் இல்லை.

அவரிடம் தனியாக ஒரு அகராதி இருந்தது. எந்தப் பயங்கரமான ஆங்கிலச் சொல் உள்ளே போனாலும் அது கொழுப்புக் கட்டியாகவோ, நீர்க்கட்டியாகவோ, சூட்டுக் கட்டியாகவோ, தசை வளர்ச்சியாகவோதான் வெளியே வரும். புற்றுநோய் என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதில்லை. கான்சர் என்றும் சொல்லமாட்டார். தவிர்க்கவே முடியாமல் போனால், வந்தவரை வெளியே இருத்திவிட்டு, கூட வந்த ஆண்பிள்ளையை மட்டும் உள்ளே கூப்பிட்டு, "நூற்று முப்பத்தெட்டு" என்பார். புறக்கோட்டையில் இருந்து மகரகமவுக்குப் போகும் பஸ்ஸின் நம்பர் அது. மகரகமவில்தான் பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. கேட்ட ஆண்பிள்ளைக்கு விளங்கிவிடும். பெண்களுக்கு இந்த நம்பர் சொல்லப்படுவதில்லை. நோயாளிக்குச் சொல்லப்படுவதே இல்லை.

ஒருநாள் துறைமுகத்தில் வேலை செய்யும் ஒருவர் ரிப்போட்டோடு வந்தார். நல்ல உயரமான, உரத்துக் கதைக்கிற மனிதர். தோள்பட்டைக்குக் கீழே ஒரு கட்டி. நான் அப்போது மகளுக்கு இருமல் பாணி வாங்க நின்றிருந்தேன். ரிப்போட்டில் தரம் இரண்டு என்று போட்டிருந்தது. அங்கிள் சிரித்தார். "தரம் ரெண்டுதானே? இன்னும் ஸ்கொலஷிப் சோதனைக்கே வரேல்லை, சின்னப் பிள்ளை" என்றார். ஐந்தாம் தரத்தில் பிள்ளைகள் எழுதுகிற சோதனையைச் சொன்னார். அந்த மனிதர் சிரித்தார், அவருடைய தம்பி சிரித்தார், நானும் சிரித்தேன். பிறகு தம்பியை உள்ளே கூப்பிட்டு நம்பர் சொல்லியிருக்கிறார். தம்பி ஏதோ சாக்குச் சொல்லி அண்ணனை மகரகமவுக்குக் கூட்டிப்போய்க் கரண்ட் பிடிக்க வைத்தார்; கதிர் சிகிச்சையை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். தோல் எரியத் தொடங்கியதும் அண்ணன் பாதியில் விட்டுவிட்டார். ஒண்டுமில்லாத கட்டிக்கு எதற்காக ஒரு மனிதன் வெந்து சாகவேண்டும் என்று கேட்டாராம். நியாயமான கேள்விதானே? அடுத்த வருடம் அவருடைய படத்தை ஜம்பட்டா வீதி மதிலில் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸில் பார்த்தேன். இப்போது எனக்குத் தெரியும்: இந்த வகை நோயில் தரம் மூன்றோடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். நான்காம் வகுப்பே கிடையாது.

இதையெல்லாம் எழுதும்போது, அவர் செய்த மற்றவற்றையும் எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும். மருந்துத் தட்டுப்பாடு வந்த காலத்தில் எத்தனையோ கடைக்காரர்கள் மருந்தைப் பதுக்கி விலை ஏற்றினார்கள். அங்கிள் இருந்த இன்சுலினை வீட்டுக்கு வீடு பங்கிட்டார். ஊரடங்கு நாட்களில் பொலிஸ்காரனோடு சிங்களத்தில் வாதாடி, நடந்தே போய் மருந்து கொடுத்துவிட்டு வந்தார். யார் கூப்பிட்டாலும் போவார். அதனால்தான் அவர் சொல்வதை யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

நானும் கேட்கவில்லை. நான் பெண்கள் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பிக்கிறவள். வகுப்பில் நாற்காலியில் இருக்கும்போது வலது தொடையின் பின்பக்கம் ஏதோ உறுத்துவதாகப் பட்டது. தொட்டால் உருண்டை. வலி இல்லை. மாதம் போகப் போகப் பெருத்தது, அப்போதும் வலி இல்லை. அங்கிளிடம் சொன்னேன். "வலிக்கேல்லையெண்டால் பிறகென்ன? வலிச்சால்தான் யோசிக்கவேணும்" என்றார். அவரே ஒரு சேர்ஜனுக்கு ஃபோன் பண்ணி, வெள்ளவத்தையில் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் நேரமும் எடுத்துத் தந்தார். சேர்ஜன் ஒரு விரலால் அமுக்கிப் பார்த்துக் கொழுப்புக் கட்டி என்றார். ஸ்கான் இல்லை, ஊசியால் துளி எடுத்துப் பார்க்கவில்லை. விறைக்க ஊசி போட்டு, வெட்டி எடுத்து, தையல் போட்டு, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வெட்டிய கட்டியை ஒரு போத்தலில் போட்டு, பரிசோதனைக்குக் கொடுக்கச் சொல்லி எங்கள் கையிலேயே தந்தார்கள். என் கணவர் அதைப் பார்க்கவே அருவருத்தார். அங்கிள்தான் வாங்கிக்கொண்டு போனார். அதனால் ரிப்போட்டும் அவர் கைக்கே வந்தது.

ரிப்போட் வந்த அன்று அவரே வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். "லைப்போ எண்டு போட்டிருக்குப் பிள்ளை. லைப்போ எண்டால் கொழுப்பு. டொக்டர் சொன்னதுதான்" என்றார். ரிப்போட் எங்கே என்றேன். ஃபைலில் பத்திரமாக இருக்கிறது என்றார். அவர் பொய் சொல்லவில்லை. லைப்போ என்றால் கொழுப்புத்தான். லைப்போசார்க்கோமா என்ற சொல்லில் வலிக்காத பாதியை மட்டும் எனக்கு மொழிபெயர்த்துத் தந்துவிட்டு, மற்றப் பாதியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். வாழைப்பழம் நன்றாகத்தான் இருந்தது.

பாமசி அன்ரியைப் பற்றியும் சொல்லவேண்டும். அங்கிளின் மனைவி. கடைக்கு மேல் வீட்டில் இருந்தார்கள். எங்கள் வீடு எதிர்ப்பக்கம். என் மகள் பாலர் வகுப்பில் இருந்த காலத்தில் அன்ரி படுக்கையில் விழுந்தார். ஈரலில் புற்றுநோய். அங்கிள் அவரிடம் ஈரலில் கொஞ்சம் வீக்கம் என்று சொன்னார். வருகிற எல்லோரையும் படியில் மறித்து, முகத்தை நேராக வைத்துக்கொண்டு போகும்படி சொல்லித்தான் மேலே விடுவார். நோவுக்குக் கொடுக்கும் குளிசைப் போத்தலில் லேபலைக் கிழித்துவிட்டு, வயிற்றுப் புண்ணுக்கு என்று சொல்லிக் கொடுத்தார். அன்ரி போன பிறகு, பல வருடங்களாக, யாராவது தங்கள் வீட்டு நோயாளிக்குச் சொல்லவா விடவா என்று கேட்டால் அங்கிள் இதைத்தான் உதாரணம் காட்டுவார். கடைசி வரை அவவுக்குத் தெரியாது, சிரித்த முகத்தோடு போனவ என்பார். சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை இருக்கும். தான் வாழ்க்கையில் செய்த மிகப் பெரிய காரியம் அதுதான் என்று அவர் நம்பினார்.

எனக்கு மட்டும் வேறு விஷயம் தெரியும். பாடசாலை விட்டு வந்ததும் நான் அன்ரியின் தலைமயிரைச் சீவிப் பின்னிவிடப் போவேன். அங்கிள் மத்தியானச் சாப்பாடு முடிந்து கீழே கடைக்கு இறங்கியதும் அன்ரி அழத் தொடங்குவார். சத்தம் வராமல், தலையணையின் மூலையைக் கடித்துக்கொண்டு. அங்கிள் தேத்தண்ணிக்கு மேலே வருவதற்குள் என்னிடம் ஈரத் துவாய் கேட்டு வாங்கி முகத்தைத் துடைத்துப் பவுடர் போட்டுக்கொள்வார். முதல்நாள் நான் திகைத்துப்போய் நின்றபோது அன்ரியே சொன்னார்.

"நான் எத்தினை வருஷம் அந்தக் கடையில இருந்து குளிசை எண்ணிக் குடுத்தனான். லேபலைக் கிழிச்சால் எனக்குத் தெரியாதே? அவருக்குச் சொல்லிப்போடாதை பிள்ளை. பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டு மறைக்கிறார்."

அன்ரிக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. பருத்தித்துறையில் இருந்த தன் அக்காவைப் பார்க்கவேண்டும். ஏதோ காணி எல்லைப் பிரச்சினையில் பேச்சு விட்டுப்போய் வருடக்கணக்காகிவிட்டது. அவரைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு ஒருதரம் கதைத்தால் போதும் என்றார். நான் அங்கிளிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். இத்தனை வருடம் இல்லாத அக்கா இப்போது எதற்கு என்று அவர் யோசிப்பார், யோசித்தால் தனக்குத் தெரியும் என்பது விளங்கிவிடும், அவர் உடைந்துபோவார் என்றார். அக்கா வந்தார். செத்தவீட்டுக்கு வந்தார். பிரேதத்தின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

அன்ரியிடம் கொடுத்த வாக்கை நான் காப்பாற்றினேன். அங்கிள் அந்தப் பெருமையைச் சொல்லும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

என் தொடையில் தையல் ஆறிய இடத்திலேயே திரும்பவும் தடித்தது. அங்கிள் தழும்பு தடித்திருக்கிறது என்றார். என் கணவரும் அப்படியே சொன்னார். சொல்லும்போது இவர் ஏன் என் கண்ணைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்க்கிறார் என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு மகளின் ஏ.எல். சோதனை, பல்கலைக்கழகத்துக்குப் போக எழுதுகிற சோதனை, வந்தது, பிள்ளைக்குச் சமைப்பதும் ரியூஷனுக்குக் கூட்டிப்போவதுமாக நாட்கள் ஓடின. தடிப்பு எலுமிச்சங்காய் அளவாகி, பிறகு தோடம்பழம் அளவானபோது நான் யாரிடமும் சொல்லாமல் வெள்ளவத்தைக்குப் போய் வேறொரு டொக்டரைச் சனல் பண்ணினேன். கட்டிகளுக்கென்றே படித்த, வயது குறைந்த சிங்களப் பெண். தொட்டுப் பார்த்ததும் அவருடைய முகம் மாறியது. முதலில் வெட்டியதைப் பரிசோதித்தது எங்கே என்று கேட்டு, எனக்கு முன்னாலேயே அந்த இடத்துக்கு ஃபோன் எடுத்தார். வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ஃபோனை வைத்துவிட்டு, இது தெரிந்து இத்தனை மாதமாக ஏன் வரவில்லை என்று என்னைத்தான் கேட்டார். எது தெரிந்து என்று நான் கேட்டேன்.

பிறகு அவர் செய்ததை நான் மறக்கமாட்டேன். வெளியே காத்திருந்தவர்களைப் பற்றிக் கவலைப்படாமல், ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, பாதி ஆங்கிலத்திலும் பாதி சிங்களத்திலும் ஒவ்வொரு சொல்லாக விளக்கினார். விளங்கியதா என்று கேட்டு, என்னையே திருப்பிச் சொல்ல வைத்தார். நான் பிள்ளைகளுக்குச் செய்வதை எனக்கு ஒருவர் செய்தார்.

கணிதக்காரிக்கு எதையும் வரைவிலக்கணத்தில் தொடங்கித்தான் பழக்கம். ஆகவே இங்கே எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவட்டும். தசை, கொழுப்பு, நரம்பு, இரத்தக் குழாய், இவற்றைப் பிணைத்து வைத்திருக்கும் நார், இவற்றையெல்லாம் சேர்த்து மென்திசு என்பார்கள். அங்கே தொடங்குகிற புற்றுநோய்க்குச் சார்க்கோமா என்று பேர். கொழுப்பில் தொடங்கினால் முன்னால் லைப்போ சேரும். மார்பிலும் குடலிலும் வருவதாக நாம் அதிகம் கேள்விப்படுகிறவை கார்சினோமா என்ற வேறு வகை. இரண்டும் புற்றுநோய்தான். சார்க்கோமா அரிதாக வருவது. வந்தால் பெரும்பாலும் வலிக்காது. வலிக்காமல் வளர்கிற, ஆழத்தில் இருக்கிற கட்டியை ஸ்கான் எடுத்து, ஊசியால் துளி எடுத்துப் பார்க்காமல் வெட்டக்கூடாது. ரிப்போட்டில் வரும் விளிம்பு என்றால், கட்டியோடு சேர்த்துச் சுற்றிவர எடுக்கவேண்டிய நல்ல சதை. அந்த விளிம்பிலும் நோய் இருந்தால், உள்ளே மிச்சம் விட்டிருக்கிறது என்று அர்த்தம். எனக்கு விட்டிருந்தது. தரம் என்றால் அது எவ்வளவு மூர்க்கமானது என்ற அளவு. பரவினால் அதிகமாக நுரையீரலுக்குத்தான் போகும். அதனால்தான் தொடையில் கட்டி வந்தவளுக்கு நெஞ்சை ஸ்கான் பண்ணுகிறார்கள்.

இவ்வளவுதான். ஒரு வெள்ளைத் தாளின் ஒரு பக்கம். இதில் எனக்கு விளங்காதது என்ன இருந்தது? இரண்டாம்படிச் சமன்பாட்டை நாற்பது பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துகிறவளுக்கு, தன் சொந்தத் தொடையில் என்ன இருக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள மூளை போதாது என்று யார் தீர்மானித்தது?

முதல் ரிப்போட் வந்த உடனேயே வந்திருந்தால் ஒரு சின்ன மறுவெட்டோடு முடிந்திருக்கும் என்றார் அந்த டொக்டர். இப்போது காலைக் காப்பாற்றலாமா என்பதை ஸ்கான் பார்த்துத்தான் சொல்லலாம் என்றார். பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நுரையீரல் சுத்தமாக இருந்தது. நூற்று முப்பத்தெட்டில் ஏறி, நாள் தவறாமல் போய்க் கரண்ட் பிடித்தேன். எதற்காகப் பிடிக்கிறேன் என்று தெரிந்திருந்ததால் தோல் உரிந்தபோதும் பாதியில் விடவில்லை. கால் இருக்கிறது. வெட்டி எடுத்ததில் தொடையின் பின்பக்கத் தசை பெரும்பாலும் போய்விட்டது. என் கணவரோடு நான் பிடித்த சண்டை தனிக்கதை. இதை அவர் வாசிப்பார், வாசிக்கட்டும்.

ஆனால் அந்த டொக்டரின் அறையை விட்டு வெளியே வந்த அன்று, கால் இருக்குமா, உயிர் இருக்குமா என்று எதுவும் தெரியாது. வீட்டுக்குப் போகவில்லை. மூன்றுசக்கர வண்டிக்காரரிடம் கொட்டாஞ்சேனை பாமசி என்று சொன்னேன். காலி வீதி முழுக்க வாகன நெரிசல். வண்டி நின்று நின்று போகப் போக எனக்குள் சூடு ஏறிக்கொண்டே இருந்தது.

கடையில் மூன்று நான்கு பேர் நின்றார்கள். நான் அவர்களுக்கு நடுவில் போய், எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டேன்.

"அங்கிள், லைப்போசார்க்கோமா எண்டால் என்ன?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். அளந்து பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. "உள்ளுக்கு வா பிள்ளை" என்றார். இங்கேயே சொல்லுங்கள் என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார். மருந்துப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, இரண்டு நாற்காலி, ஒரு கேத்தல். பின்னால் போனேன்.

அவர் எதையும் மறைக்கவில்லை. ரிப்போட் வந்த அன்று என் கணவரையும் அவருடைய தமையனையும் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். ரொறன்ரோவில் இருக்கும் என் அண்ணனை ஃபோனில் பிடித்திருக்கிறார்கள். மகளின் சோதனை முடியட்டும், அதுவரை இவளுக்குத் தெரியவேண்டாம், எப்படியும் கட்டியை எடுத்தாயிற்றுத்தானே என்று முடிவெடுத்திருக்கிறார்கள். இந்த அறையில்தான், இந்த இரண்டு நாற்காலியிலும் ஒரு பெட்டியிலும் இருந்துகொண்டு. விளிம்பைப் பற்றி எழுதியிருந்த வரியை அவர் பெரிதாக எடுக்கவில்லை. சேர்ஜன் முழுவதும் எடுத்ததாகச் சொன்னாரே என்றார்.

"என்ர காலைப் பற்றி நாலு ஆம்பிளையள் இருந்து தேத்தண்ணி குடிச்சுக் கதைச்சிருக்கிறியள். காலுக்குச் சொந்தக்காரியைக் கூப்பிட ஒருத்தருக்கும் தோன்றேல்லையோ?"

அவருக்குக் கண் கலங்கியது. என் கையைப் பிடிக்க வந்தார். நான் கையை இழுத்துக்கொண்டேன். அந்தச் சூடு எனக்கு அப்போது தேவைப்படவில்லை.

"தெரிஞ்சிருந்தால் நீ ஒருநாள் நித்திரை கொண்டிருப்பியே? இவ்வளவு மாசமும் சிரிச்சுக்கொண்டு திரிஞ்சாய். பிள்ளை நிம்மதியாச் சோதனை எழுதினவள்" என்றார். நான் நாற்காலியை இழுத்துக் குந்தினேன். நான் சமாதானமாகிறேன் என்று அவர் நினைத்திருக்கவேண்டும். குரலைத் தணித்து, வழக்கமான உதாரணத்துக்கு வந்தார். "உன்ர அன்ரியை யோசிச்சுப் பார். கடைசி வரைக்கும் அவவுக்குத் தெரியாது. சிரிச்ச முகத்தோட போனவ."

எத்தனையோ தடவை கேட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்ட வாக்கியம். இந்தத் தடவை பார்க்க வேறு பக்கம் இருக்கவில்லை.

"அவவுக்குத் தெரியும் அங்கிள்" என்றேன்.

லேபல் கிழித்த போத்தலைச் சொன்னேன். பருத்தித்துறை அக்காவைப் பார்க்க ஆசைப்பட்டதைச் சொன்னேன். அவர் முதலில் நான் கோபத்தில் இட்டுக்கட்டுகிறேன் என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். தலையணை மூலையைச் சொன்னதும் ஆட்டுவதை நிறுத்தினார். அந்தத் தலையணை உறையை அவர்தான் துவைத்திருக்கவேண்டும்.

"தமக்கையைக் கூப்பிடச் சொல்லி என்னட்டைக் கேட்டிருக்கலாமே" என்றார்.

"கேட்டால் தனக்குத் தெரியும் எண்டது உங்களுக்கு விளங்கியிடும் எண்டு பயந்தவ. நீங்கள் உடைஞ்சுபோவியள் எண்டு."

முன்னால் யாரோ கண்ணாடி மேசையில் தட்டிக் கூப்பிட்டார்கள். அவர் அசையவில்லை. நெற்றியில் இருந்த மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடி இல்லாமல் அந்த முகம் எனக்குப் பழக்கமில்லாத கிழவரின் முகமாக இருந்தது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப அவ தனிய இருந்து அழுதிருப்பா, என்ன பிள்ளை?"

இல்லை என்று நான் சொல்லவேண்டும் என்பதற்காகத்தான் அவர் கேட்டார். அது எனக்கு நன்றாக விளங்கியது. அன்ரி என்னோடு பகிடி விட்டுச் சிரித்த நாட்களும் இருந்தன. அவற்றை மட்டும் எடுத்துச் சொல்லியிருந்தால் அதுவும் பொய்யாகாது.

"ஓம் அங்கிள்" என்றேன். "ஒவ்வொரு நாளும்."